நான் திறந்த கடிதம்



வழக்கமாக நான் எழுதும் ஏரி, மதகு, கல்வெட்டுச் சமாசாரம் இல்லை இது. கொஞ்சம் நீளமான பதிவும்கூட. காப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்தது உறவுக்காரர்களுக்குத் தெரியும். மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் சித்தப்பா மகனின் எண்ணிலிருந்து ‘கல்யாணப் பத்திரிகை’ என்று ஒரு கோப்பு வந்தது. அவன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்பது எல்லோருக்கும் தெரியும். என் தங்கை ஆசையாகத் திறந்தாள். பத்திரிகை வரவில்லை. ஏதேதோ அனுமதி கேட்டிருக்கிறது, இவளும் சரி சரி என்று தட்டியிருக்கிறாள். மறுநாள் காலையில் அவள் வங்கிக் கணக்கிலிருந்து 48,000 ரூபாய் போயிருந்தது.

அதற்குப் பிறகு குழுவில் பேசிய பேச்சுகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அனுப்பியது அவன், அதனால் குற்றவாளி அவன் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவனைக் குழுவிலிருந்து நீக்கினீர்கள். “இந்தக் கல்யாணத்துக்கு எங்க வீட்டிலிருந்து யாரும் வரமாட்டோம்” என்று ஒருவர் குரல் பதிவு போட, நாலு பேர் அதற்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினீர்கள். பெண்ணைப் பெற்றவன் வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான்.

அவன் அனுப்பவில்லை. இதைச் சொல்ல நான் 1987இலிருந்து தொடங்க வேண்டும். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு அஞ்சலட்டை நினைவிருக்கும். திருப்பதி பெருமாள் பெயரிலோ வேறு சாமி பெயரிலோ வரும். இதைப் படித்தவர் இத்தனை பேருக்கு இப்படியே எழுதிப் போட வேண்டும், போட்டால் புதையல் கிடைக்கும், கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கிச் செத்தார் என்று இருக்கும். என் அம்மா பயந்துபோய் என்னை உட்கார வைத்து எழுதச் சொல்வாள். கை வலிக்க எழுதியிருக்கிறேன். அந்த அட்டை ஊர் ஊராகப் போனதற்குக் காரணம் தபால்காரர் அல்ல, படித்தவர்களின் பயம்தான். இப்போது அந்த அட்டைக்கே கை முளைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதைத் தொட்டதும், உங்கள் வீட்டு முகவரி டைரியைத் தானே புரட்டி, உங்கள் கையெழுத்தில், உங்கள் பெயரில், டைரியில் உள்ள அத்தனை பேருக்கும் தானே எழுதிப் போட்டுவிடுகிறது. அதுதான் கணினிப் புழு. வைரஸ் என்பது வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, அதை யாராவது தூக்கிப் போனால்தான் போகும். புழு தானே நகரும். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் வைரஸ் என்றுதான் சொல்கிறோம், சொல்லிவிட்டுப் போகட்டும்.

1987 டிசம்பர். ஜெர்மனியில் கிளவுஸ்தால் என்ற ஊரில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன். நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்ப நினைத்து ஒரு சிறிய நிரல் எழுதினான். அதை ஓட்டினால் திரையில் எழுத்துகளாலேயே ஒரு கிறிஸ்துமஸ் மரம் தெரியும். மரத்தை நீங்கள் ரசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்த நிரல் உங்களுடைய முகவரிப் பட்டியலை எடுத்து அதில் உள்ளவர்களுக்கெல்லாம் தன்னையே அனுப்பிவிடும். நிரலிலேயே, உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துக்கொண்டிருப்பதில் சுவாரசியம் இல்லை, பேசாமல் ஓட்டிப் பாருங்கள் என்கிற மாதிரி எழுதியிருந்தான். பல்கலைக்கழகங்களை இணைத்த வலையில் கிளம்பி, ஐபிஎம் நிறுவனத்தின் உள் வலைக்குள் நுழைந்து, அந்தப் பெரிய நிறுவனத்தையே திணற அடித்துவிட்டது. எந்தக் கோப்பையும் அது அழிக்கவில்லை. கூட்டம்தான் தாங்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் அன்றே இருந்தன. தெரிந்தவர் பெயரில் வந்தது, அது ஒன்று. பண்டிகை நேரத்தில் வாழ்த்தாக வந்தது, அது இரண்டாவது. நம் கல்யாணப் பத்திரிகைக்குப் பாட்டன் அந்தக் கிறிஸ்துமஸ் மரம்.

அடுத்த ஆண்டு, 1988 நவம்பர் 2ஆம் தேதி, அமெரிக்காவில் ராபர்ட் மோரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒரு புழுவை விட்டார். அது கடிதமாக வரவில்லை. அஞ்சல் கொண்டுபோகும் மென்பொருளில் இருந்த ஓட்டை உட்பட சில ஓட்டைகள் வழியாக, யாரும் எதையும் திறக்காமலேயே நுழைந்தது. அன்று இணையத்தில் மொத்தம் அறுபதாயிரம் கணினிகள் இருந்திருக்கலாம், அதில் ஆறாயிரம் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மோரிஸின் அப்பா அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் விஞ்ஞானி. மகனுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, பத்தாயிரம் டாலர் சொச்சம் அபராதம். பிற்காலத்தில் அவர் எம்ஐடியில் பேராசிரியரானார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மணிலாவுக்குப் போகும்போது தேவைப்படும்.

1999 மார்ச் 26, வெள்ளிக்கிழமை, மெலிசா வந்தது. வேர்டு கோப்பு ஒன்று, ‘நீங்கள் கேட்ட ஆவணம் இதோ, வேறு யாரிடமும் காட்டாதீர்கள்’ என்ற தொனியில் ஒரு குறிப்போடு. காட்டாதே என்றால் திறக்காமல் இருப்போமா? திறந்தால் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் உள்ள முதல் 50 பேருக்கு உங்கள் பெயரிலேயே போகும். ஐம்பது ஐம்பதாகப் பெருக்கிப் பாருங்கள்: 50, 2,500, 1,25,000. மூன்றாம் படியிலேயே லட்சத்தைத் தாண்டுகிறது. கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கியவர்களுக்குக்கூட இது புரியும். மைக்ரோசாஃப்டே தன் மின்னஞ்சலைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டி வந்தது. எழுதியவர் நியூ ஜெர்சிக்காரர் டேவிட் ஸ்மித். 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இனி மணிலா.

ஓனெல் டி குஸ்மான் அங்கே ஒரு கணினிக் கல்லூரியில் படித்த ஏழை வீட்டுப் பையன். அப்போதெல்லாம் இணையம் என்றால் தொலைபேசிக் கம்பி வழியாக, நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு. நம் ஊரிலும் அப்படித்தான். வசதியில்லாதவர்களும் இணையத்தைப் பயன்படுத்த வேண்டும், அதற்காக மற்றவர்களின் கடவுச்சொல்லை எடுத்துத் தரும் ஒரு நிரல் செய்கிறேன் என்று கல்லூரியில் ஆய்வுத் திட்டம் கொடுத்தான். கல்லூரி மறுத்துவிட்டது. திருடர்களை உருவாக்குவது எங்கள் வேலையல்ல என்கிற பொருளில் அந்தத் தாளில் ஆசிரியர் எழுதியதாகச் செய்திகள் வந்தன. ஆசிரியராக நானும் மறுத்திருப்பேன். ஆனால் அந்த ஓரக் குறிப்போடு பேச்சை முடித்திருக்கக் கூடாது, கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அதைச் சொல்ல என்ன தகுதி என்பது கீழே வரும்.

பையன் படிப்பை முடிக்கவில்லை. அந்த நிரலில் ஒரு புழுவைச் சேர்த்தான். 2000 மே 4ஆம் தேதி அது கிளம்பியது. தலைப்பு: ‘ஐ லவ் யூ’. உள்ளே ஒரே வரி, நான் அனுப்பியிருக்கும் காதல் கடிதத்தைத் தயவுசெய்து பாருங்கள் என்று. இணைப்பின் பெயர் ‘லவ் லெட்டர் ஃபார் யூ’, அதற்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்ற வால். டிஎக்ஸ்டி என்றால் வெறும் எழுத்துக் கோப்பு, ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த வாலுக்குப் பின்னால் இன்னொரு வால் இருந்தது: விபிஎஸ். அதுதான் உண்மையான வால். விபிஎஸ் என்றால் கணினிக்கு இடும் கட்டளைகள். அன்றைய விண்டோஸ், தனக்குத் தெரிந்த வகைக் கோப்புகளின் கடைசி வாலை மறைத்துவிடும், பார்க்க அழகாக இருக்க வேண்டுமாம். அதனால் பாம்பின் வால் மட்டும் மறைந்து, பார்ப்பவருக்கு அது கயிறாகத் தெரிந்தது.

திறந்தால், அவுட்லுக்கில் உள்ள எல்லோருக்கும் போகும். மெலிசா மாதிரி ஐம்பதோடு நிற்காது. போகிற போக்கில் கணினியில் உள்ள ஜேபிஜி படங்களை எடுத்து, அதில் படத்துக்குப் பதிலாகத் தன்னையே எழுதி வைத்துவிடும். எம்பி3 பாட்டுகளை மட்டும் ஏனோ அழிக்காது. ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயரில் தன் பிரதியை வைக்கும். மணிலாவிலிருந்து ஹாங்காங், அங்கிருந்து ஐரோப்பாவில் அலுவலகம் திறக்கும் நேரம், பிறகு அமெரிக்காவில் பொழுது விடிகிற நேரம். சூரியனோடு சேர்ந்து மேற்கே நகர்ந்தது. பிரிட்டிஷ் மக்களவை மின்னஞ்சலை மூடியது. அமெரிக்க ராணுவத் தலைமையகமும் தப்பவில்லை. சில நாட்களில் நான்கு கோடிக்கு மேற்பட்ட கணினிகள் என்று ஒரு மதிப்பீடு உண்டு.

அந்தக் கோடிகளில் ஒன்று எங்கள் பள்ளிக் கணினி.

வரலாற்று வாத்தியார் எப்படிக் கணினி அறைக்குப் பொறுப்பானார் என்று புதியவர்கள் கேட்கலாம். ஆசிரியர்களில் டைப்பிங் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அவ்வளவே தகுதி. அந்த வருடம் பள்ளிக்குப் பொன்விழா. மலர் போட ஊரெல்லாம் அலைந்து பழைய படங்களைச் சேகரித்தோம். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த ஒரு பையன், அப்பா டீக்கடை வைத்திருந்தார், கோடை விடுமுறையில் தினமும் வந்து மூன்று வாரமாக ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினான். 140 படங்கள். ஏற்றியதும் மூலப் படங்களை உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவன்தான், சைக்கிளில்.

மே 5, வெள்ளிக்கிழமை காலை. பையன் இன்னும் வரவில்லை. நான் தொலைபேசியை மோடத்தில் மாட்டி, அது கூவிக் கத்தி இணைப்புக் கிடைத்ததும், அஞ்சல் பார்த்தேன். சிங்கப்பூரில் வேலையிலிருந்த என் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து ஒரு கடிதம். தலைப்பு ‘ஐ லவ் யூ’. வெளிநாடு போனவன், அந்த ஊர்ப் பழக்கத்தில் வாத்தியார் மேல் உள்ள பாசத்தை இப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் மனசு குளிர்ந்துவிட்டது. திறக்கவா, சேமிக்கவா என்று ஒரு பெட்டி கேட்டது. திற என்றேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை தட்டினேன். அப்போதும் இல்லை. கணினி மட்டும் உள்ளே எதையோ அரைக்கிற மாதிரி கரகரவென்று சத்தம் போட்டது. இணைப்பைத் துண்டித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மதியம் பையன் வந்து படங்களைத் திறந்தால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பெயர்கள் அப்படியே இருக்கின்றன, படம் இல்லை. 1951இல் முதல் வகுப்பு மாணவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் படம் உட்பட. எனக்குத் தலை சுற்றியது. தேடிப் பார்த்ததில் ஒரு கோப்புறை நிறையப் பாட்டுகளின் பெயர்கள் இருந்தன. பையன் எங்கிருந்தோ குறுந்தகட்டில் கொண்டுவந்து ஏற்றியிருக்கிறான். அதுவும் பாடவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. பாட்டோடு வைரஸ் வந்திருக்கிறது, இவன்தான் கொண்டுவந்தான். கையை ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை. ஆனால் பேசிய பேச்சு அடியை விட மோசம். டீக்கடைக்காரர் மகன் புத்தி டீக்கடையோடு இருக்க வேண்டும் என்றேன். இதை இங்கே எழுதும்போது கூசுகிறது. தலைமையாசிரியரிடம் சொல்லி, அந்த வருடம் முழுவதும் கணினி அறைப் பக்கமே அவன் வரக்கூடாது என்று ஆக்கினேன்.

மறுநாள் செய்தித்தாளில் ‘ஐ லவ் யூ’ பற்றி வந்தது. ஜேபிஜி படங்களை அழிக்கும் என்றும் போட்டிருந்தது. திங்கட்கிழமை சிங்கப்பூர் மாணவனிடமிருந்து, “சார், அதைத் திறந்துவிடாதீர்கள், நான் அனுப்பவில்லை” என்று கடிதம். (அவனும் இதைப் படிப்பான். அப்பா, உன் மேல் ஒரு தப்பும் இல்லை.) ஆக, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? நாற்பத்தைந்து வயது வாத்தியார், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா, ‘லவ் லெட்டர்’ என்று வந்ததை ஆவலாகத் திறந்தார் என்பது வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும். ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள். மாணவர்கள் பட்டப் பெயர் வைப்பார்கள். அந்தப் பயம். மணிலாப் பையன் அந்தத் தலைப்பை வைத்தது எல்லோருக்கும் அன்பு வேண்டியிருக்கிறது என்பது தெரிந்துதான். திறந்தவன் வெட்கத்தில் வெளியே சொல்லமாட்டான் என்பதையும் யோசித்தானா, தெரியாது. ஆனால் அது அப்படித்தான் வேலை செய்தது.

ஒரே ஒரு அதிர்ஷ்டம், எங்கள் கணினியில் இருந்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற சிறிய தம்பி மென்பொருள். புழுவுக்கு அண்ணன் அவுட்லுக்தான் வேண்டும். அதனால் என் வழியாக யாருக்கும் அது போகவில்லை. மலர் கடைசியில் திரும்பக் கிடைத்த 31 படங்களோடு வந்தது. வேப்பமரத்தடிப் படத்துக்குச் சொந்தக்காரப் பெரியவர் அதற்குள் மகன் வீட்டுக்கு வடநாடு போய்விட்டார். நன்றிப் பக்கத்தில் பையன் பெயர் இருந்தது. அதை எடுக்கச் சொன்னவன் நான்தான்.

மணிலாவில் என்ன நடந்தது என்று முடித்துவிடுகிறேன். மே 11ஆம் தேதி டி குஸ்மான் கறுப்புக் கண்ணாடி போட்டு, முகத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு பத்திரிகையாளர்கள் முன் வந்தான். தவறுதலாக வெளியே போயிருக்கலாம் என்கிற அளவுக்குத்தான் பேச்சு. வழக்குப் போட முயன்றால், பிலிப்பைன்ஸில் இதைக் குற்றம் என்று சொல்லும் சட்டமே இல்லை. ஆகஸ்டில் வழக்கைக் கைவிட்டார்கள். ஜூன் 14இல் அவசரமாக ஒரு சட்டம் வந்தது, ஆனால் முன்தேதியிட்டுத் தண்டிக்க முடியாது அல்லவா. தற்செயலாக, நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தது அதற்கு ஐந்து நாள் முன்பு, 2000 ஜூன் 9. வைரஸ் புகுத்துவது தவறு என்று நம் சட்டம் அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னது.

இருபது ஆண்டு கழித்து ஜெஃப் வைட் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் மணிலாவில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். சந்தைக்குள் ஒரு சிறிய கைபேசிப் பழுதுபார்க்கும் கடையில் இருந்தார். ஆமாம், நான்தான் எழுதினேன், இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். 2020இல் அந்தச் செய்தியைப் படித்தபோது மோரிஸ் ஞாபகம் வந்தது. ஒருவர் பேராசிரியர், ஒருவர் சந்தைக் கடை. செய்த வேலையில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை.

அதன் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 2001 பிப்ரவரியில் டென்னிஸ் வீராங்கனை அன்னா கோர்னிகோவாவின் படம் என்று ஒன்று வந்தது, அதே இரட்டை வால் தந்திரம். செய்தவன் இருபது வயது டச்சுக்காரன், யாரோ செய்து வைத்திருந்த கருவியை எடுத்துச் செய்தான். 150 மணி நேரச் சமூக சேவை. 2004 ஜனவரியில் மைடூம். இது முக்கியம். இதற்கு அவுட்லுக் தேவையில்லை, அஞ்சல் அனுப்பும் வேலையைத் தானே செய்துகொள்ளும். அது மட்டுமல்ல, அனுப்புநர் இடத்தில் பொய்ப் பெயர் போடும். என் கணினியில் புழு இருந்தால், என் பட்டியலில் உள்ள உங்கள் பெயரைப் போட்டு மூன்றாமவருக்கு அனுப்பும். திட்டு வாங்குவது உங்கள் தலையெழுத்து, உங்கள் கணினி சுத்தமாக இருந்தாலும். உங்கள் கடிதம் போய்ச் சேரவில்லை, விவரம் இணைப்பில் என்று அஞ்சல் துறைக் குரலில் பேசும். எழுதியவர் யார் என்று இன்றுவரை பிடிபடவில்லை. அதே ஆண்டு நெட்ஸ்கையை எழுதியவனைப் பிடித்தார்கள். ஜெர்மனியில் பதினெட்டு வயதுப் பையன்.

பிறகு மின்னஞ்சல் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. இயங்கும் கோப்பு இணைப்பாக வந்தால் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று ஜிமெயிலில் அப்படி ஒன்றை அனுப்பிப் பாருங்கள், போகாது. ஆனால் திருடன் வேலையை விடுவானா. எமோடெட் என்று ஒன்று, உங்கள் பழைய கடிதப் போக்குவரத்தைத் திருடி, நீங்கள் உண்மையிலேயே எழுதிய கடிதத்துக்குப் பதில் போடுவது போல வந்தது. 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதை முடக்கினார்கள். மொத்தத்தில் விளையாட்டுப் பையன்கள் காலம் போய், காசுக்காரர்கள் காலம் வந்துவிட்டது. கூட்டமும் மின்னஞ்சலை விட்டு வாட்ஸ்அப்புக்குப் போனது. புழுவும் அங்கேதான் வரும்.

இப்போது என் சித்தப்பா மகனின் விஷயம். அவனுக்கு அந்தக் கோப்பு வந்தது கல்யாணப் பந்தல்காரரின் எண்ணிலிருந்து. பந்தல் செலவுக் கணக்கு என்று நினைத்துத் திறந்திருக்கிறான். அது படமும் அல்ல, கணக்கும் அல்ல, ஏபிகே. ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு. அனுமதி கொடுத்ததும் குறுஞ்செய்திகளைப் படிக்கும், வங்கியிலிருந்து வரும் ஓடிபியை எடுத்துத் திருடனுக்குக் கொடுக்கும், போனில் உள்ளவர்களுக்கெல்லாம் தன்னை அனுப்பும். அவன் கையெழுத்தில், அவன் பெயரில். அஞ்சலட்டைக்குக் கை முளைத்த கதைதான். சிங்கப்பூர் மாணவன் எனக்கு அனுப்பாதது போலவே இவனும் உங்களுக்கு அனுப்பவில்லை.

அவன் செய்த தப்பு ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். போன் ஏதோ மாதிரி நடந்துகொள்கிறது என்று அவனுக்குச் சந்தேகம் வந்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாண வீடு, மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம். அந்த இரண்டு நாளில்தான் என் தங்கை திறந்தாள். இரண்டு நாள் சொல்லாதவனுக்கு இவ்வளவு தண்டனை என்றால், இருபத்தைந்து வருடம் சொல்லாத எனக்கு என்ன தரப்போகிறீர்கள்?

ஆகவே, கேளுங்கள். கோப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள். பத்திரிகை என்றால் ஜேபிஜி, பிடிஎஃப், அல்லது வீடியோவாக இருக்கும். ஏபிகே என்று முடிந்தால் பெற்ற தாயே அனுப்பியிருந்தாலும் தொடாதீர்கள். பெரியவர்கள் போனில், ‘தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவ’ என்ற அனுமதியைப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து அணைத்து வையுங்கள். கணினியில் மெயில் பார்ப்பவர்கள், வால் மறைந்திருக்கும் ஏற்பாட்டை இன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள், விண்டோஸ் இன்னமும் மறைக்கத்தான் செய்கிறது. யார் எதை அனுப்பினாலும் எதிர்பாராததாக இருந்தால் ஒரு போன் போட்டு, “நீ அனுப்பினியாப்பா?” என்று கேளுங்கள். அதே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டால் திருடனே பதில் சொல்வான், குரலில் கேளுங்கள். படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள், இது என் வயிற்றெரிச்சல்.

திறந்துவிட்டீர்கள் என்றால் முதலில் போனின் இணையத்தை அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் சொல்லுங்கள். 1930 அரசின் இணையக் குற்ற உதவி எண், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. தங்கை புகார் கொடுத்திருக்கிறாள், பணம் இன்னும் வரவில்லை. அடுத்த நிமிடமே எல்லோருக்கும் சொல்லுங்கள்: “நான் திறந்துட்டேன், என் பேர்ல வந்தா திறக்காதீங்க.” சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இதை எழுதுவதற்கு முன்னால் போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைப் பார்க்கப் போனேன். இப்போது முப்பத்தொன்பது வயது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் உட்காராமலே சொன்னேன். முழுவதையும் சொன்னேன், டீக்கடைப் பேச்சு உட்பட.

கேட்டுவிட்டு, “அது எனக்கு அப்பவே தெரியும் சார்” என்றான்.

“எப்படிடா?”

“பேப்பர் எங்க டீக்கடைக்கும் வரும்ல சார். மெயில் பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டும்தானே இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்டா தலைமையாசிரியர்கிட்ட சொல்லலை?”

“எங்க சார் லவ் லெட்டர்னு திறந்துட்டார்னு எப்படி சார் போய்ச் சொல்றது?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மலரின் ஒரு பிரதியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், கொடுத்தேன். நன்றிப் பக்கத்தில் அவன் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தேன். பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பதிவை எழுதிக்கொள்ள அனுமதி கொடுத்தான், பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

உறவுக்காரர்களுக்கு: சித்தப்பா மகனை நேற்று இரவு மீண்டும் குழுவில் சேர்த்துவிட்டேன். கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் இரண்டு மணிக்கு என் வீட்டு வாசலிலிருந்து ஒரு வேன் கிளம்பும், முன்பணம் கொடுத்தாயிற்று. தங்கை வருகிறாள். மற்றவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சொல்லுங்கள். மெசேஜ் வேண்டாம், போன் பண்ணுங்கள்.